பொருநைக்கு மேலே ஒரு வான்வழி: விபத்துக்கு முன்பே விதியை எழுதுவோம்

*கோவில்பட்டி ஓடுதளத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி தொடங்கும் முயற்சி நடக்கிறது. கந்தகபூமியான சிவகாசி வட்டாரத்தின் தலைக்கு மேலே சிறுவிமானங்கள் பறக்கும் நாள் வரப்போகிறது என்றால், அவை எந்த வழியே, எந்த உயரத்தில், யாரிடம் சொல்லிவிட்டுப் பறக்கும்?*

மழை விட்ட மார்கழிக் காலையில், கோவில்பட்டிக்கு மேலே ஆயிரம் அடியில் நின்று பார்க்க முடிந்தால் கரிசல் பூமி கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சையாகக் கிடக்கும். மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு என்று கட்டம் கட்டமாக நிறம் மாறும். ரயில் பாதையும் நான்குவழிச் சாலையும் அருகருகே தெற்கு நோக்கி ஓடும். ஒரு செஸ்னா 172 மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதை வடக்கே திருப்பினால் பத்தே நிமிடத்தில் சிவகாசி. வழியில் சாத்தூரை ஒட்டி மணலும் சீமைக் கருவேலமுமாக வைப்பாறு. கிழக்கே, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே அர்ஜுனா நதி அதனுடன் சேருமிடம். பிறகு அந்த வெள்ளைப் புள்ளிகள் தொடங்கும். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரமெங்கும் வேம்புகளுக்கு நடுவே இறைந்து கிடக்கும் சின்னஞ்சிறு பட்டாசு அறைகள், ஒவ்வோர் அறையைச் சுற்றியும் வேண்டுமென்றே விடப்பட்ட வெற்றிடம். அதே விமானத்தைத் தெற்கே திருப்பினால் கயத்தாற்றுக் காற்றாலைகளைத் தாண்டிக் கால்மணி நேரத்தில் வயலும் வாழையும் சூழப் பொருநை என்னும் தாமிரபரணி வந்துவிடும். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே, பாலங்களுக்கு அடியில் நுழைந்து அது கிழக்கே போகும்.

இந்தப் பாதையில் இன்று பொழுதுபோக்காகவோ பயிற்சிக்காகவோ யாரும் பறப்பதில்லை. பறக்க வேண்டிய சூழ்நிலை விரைவில் வரும் என்பதுதான் இப்போது தென்மாவட்டங்களில் பேச்சு. தனியார் ஆலை ஒன்று தன் பயன்பாட்டுக்காக அமைத்த, ஒரு கிலோமீட்டர் அளவிலான கோவில்பட்டி ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவரத் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முனைந்திருக்கிறது. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுதளம் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டு, புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டிருக்கிறது. இனி பெரிய விமானங்கள் அங்கே வந்து இறங்கும். சிறிய விமானங்கள் இங்கே கிளம்பும். இரண்டுக்கும் எட்டும் தூரத்தில் கிடப்பது ஓர் ஆறும் ஒரு மாநகரமும். அந்த ஆற்றின் மேல் சிறுவிமானங்களுக்கென்று ஒரு பொது வழித்தடம் வேண்டும், அதன் விதிகள் முதல் விமானம் கிளம்பும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஆற்றைப் பார்த்துப் பறப்பது ஏன்?

சிறுவிமானம் ஓட்டப் பழகுகிறவர் முதலில் கற்பது கண்ணால் வழி பார்த்துப் பறப்பதை. கருவிகளை நம்பி மேகத்துக்குள் நுழைவது அதற்கு அடுத்த படி. வெளியே ஐந்து கிலோமீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து விலகி இருக்க வேண்டும், இந்தியாவில் பொழுது சாய்ந்தபின் இப்படிப் பறக்கவும் கூடாது. இந்த விமானிக்குக் கீழே நல்ல அடையாளம் வேண்டும். சாலைகள் கிளை பிரிந்து குழப்பும், கண்மாய்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஆறு ஒன்றுதான் வரைபடத்தில் உள்ள அதே வளைவுகளோடு தரையிலும் கிடக்கும். அதன் மேல் கோபுரமோ செல்போன் கம்பமோ எழும்பாது. எஞ்சின் நின்றுபோனால் கீழே இருப்பது வீட்டுக் கூரை அல்ல. நகரத்தின் மேல் போகும் சத்தத்திலும் ஒரு பகுதி ஆற்றோடு போய்விடும். 

இதை உலகம் அறிந்த அளவுக்குச் செய்துகாட்டிய ஊர் நியூயார்க். மூன்று பெரிய விமான நிலையங்களுக்கு நடுவே நெருக்கியடிக்கும் வானத்தில், ஹட்சன் ஆற்றின் மேல் மட்டும் 1,300 அடி வரை ஒரு சந்து விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்குள் பறக்கிற சிறுவிமானி எந்தக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுதந்திர தேவி சிலையை ஒரு புறமும் மன்ஹாட்டன் கட்டடங்களை மறுபுறமும் பார்த்தபடி, உலகின் மிகப் பரபரப்பான நகரம் ஒன்றை அவர் தம் கைப்பட ஓட்டிக் கடந்துவிடலாம். ஆனால் அனுமதி வேண்டாம் என்பதற்கு விதி வேண்டாம் என்று பொருளில்லை. விதி அங்கே மிகக் கறார். அந்தக் கறார் வந்த விதம்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது.

> ஹட்சன் வழித்தடம்: விமானி செய்ய வேண்டியது
>
> வடக்கே போகிறவர் கிழக்குக் கரையை ஒட்டியும், தெற்கே போகிறவர் மேற்குக் கரையை ஒட்டியும் பறக்க வேண்டும். ஊரைக் கடந்துபோகும் விமானங்களுக்கு 1,000 முதல் 1,300 அடி. இறங்கி ஏறும் ஹெலிகாப்டர்கள் போன்ற உள்ளூர்ப் போக்குவரத்துக்கு அதற்கும் கீழே. வேகம் மணிக்கு 140 நாட்டிகல் மைலுக்கு மிகக்கூடாது. விளக்குகள் எரிய வேண்டும். குறித்த இடங்களில், பாலத்தையும் சிலையையும் தாண்டும்போது, ஒரே பொது அலைவரிசையில் தம் விமானம், இருக்குமிடம், உயரம், திசை நான்கையும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதிக்கான வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

ஒன்பது உயிருக்குப் பின் வந்த கட்டாயம்

மேலே சொன்னவற்றில் பல, 2009 வரை நல்ல பழக்கமாக மட்டுமே இருந்தன. செய்தால் நல்லது, செய்யாவிட்டால் தண்டனையில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு, மூன்று பேர் இருந்த பைப்பர் விமானமும் சுற்றுலாப் பயணிகளோடு கிளம்பிய ஹெலிகாப்டரும் ஹட்சன் ஆற்றுக்கு மேலே மோதிக்கொண்டன. ஒன்பது பேரும் இறந்தார்கள். விசாரணை இரண்டு விஷயங்களைக் காட்டியது. அருகிலிருந்த விமான நிலையக் கட்டுப்பாட்டாளர் அந்த நேரத்தில் வேலைக்குச் சம்பந்தமில்லாத தொலைபேசிப் பேச்சில் இருந்திருக்கிறார். அதைவிட முக்கியம், ‘கண்ணால் பார்த்து விலகிக்கொள்’ என்ற கொள்கைக்கே ஓர் எல்லை உண்டு என்பது. கட்டடங்களைப் பின்னணியாகக் கொண்டு, கீழேயிருந்து ஏறிவரும் ஹெலிகாப்டர் பைப்பர் விமானியின் கண்ணுக்குப் புலப்படுவது மிகக் கடினம். அந்த நவம்பரிலேயே பழக்கங்கள் சட்டமாயின. ஏறுவோருக்கும் கடப்போருக்கும் உயரம் பிரிக்கப்பட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், அதே நகரின் ஈஸ்ட் ரிவர் பக்கம் இப்படித்தான் நடந்தது. 2006 அக்டோபர் 11 அன்று குறுகலான அந்த ஆற்றின் மேல் திரும்ப முயன்ற சிறுவிமானம் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. பிறகுதான் சிறுவிமானங்கள் கட்டுப்பாட்டாளரின் அனுமதியின்றி அங்கே நுழையக் கூடாதென்று ஆயிற்று. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு சாவு இருந்திருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு, சாவுக்குப் பின் கெடுபிடி என்ற இந்த வரிசை புதிதல்ல. பட்டாசு அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், அடுத்த அறை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் விதியில் இருக்கிறது. வாசலில் உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்க ஓர் உலோகத் தகடு, தரையில் ரப்பர் விரிப்பு, எதிரெதிரே கதவுகள், வெளியே தண்ணீர்த் தொட்டி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது சிவகாசியில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடிவந்தவர்கள், பார்க்க வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஆய்வு, உரிமம் ரத்து, புதிய கெடுபிடி, சில மாதங்களில் மறதி. விதி இல்லாததால் நேர்ந்த சாவுகள் அல்ல இவை. விதி ஏட்டில் தனியாகவும் வேலை தரையில் தனியாகவும் போனதால் நேர்ந்தவை. ஆபத்தான தொழில் ஒன்றை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யாமல் எண்ணிக்கை, இடைவெளி, நேரம் ஆகிய மூன்றால் கட்டிவைக்கலாம் என்பதையும், கட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நூறாண்டாக அனுபவித்து அறிந்த மண் இது. அந்த அறிவை வானத்துக்கும் கொண்டுபோக இங்கிருப்பவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

தாமிரபரணி ஹட்சன் அல்ல

முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹட்சன் மன்ஹாட்டன் அருகே ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஆழ்ந்த நீர்ப்பரப்பு. 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் நின்றுபோன ஏர்பஸ் விமானத்தை விமானி சல்லன்பர்கர் அந்த ஆற்றில் இறக்கியதும், 155 பேரும் பிழைத்ததும் அந்த அகலத்தால் நடந்தது. தாமிரபரணியில் அது நடக்காது. பாறை, மணல்திட்டு, அமலைச் செடி, தடுப்பணை, குளித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். ஆற்றுக்கு நடுவே பாறை மேல் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலே வெள்ளத்தில் மூழ்கி எழும் கோயில். ஆகவே ‘எஞ்சின் நின்றால் ஆற்றில் இறக்கிவிடலாம்’ என்ற நியூயார்க் கணக்கை இங்கே அப்படியே போட்டால் அது தவறான விதியாகிவிடும்.

சரியான கணக்கு வேறு. எஞ்சின் நின்ற செஸ்னா 172, உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு தூரம் மிதந்து போகும். ஆயிரம் அடியிலிருந்தால் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேலே. சேரன்மகாதேவிப் பக்கமோ வல்லநாட்டுப் பக்கமோ அது போதும். ஆற்றின் இரு கரையிலும் வயல்தான். மாநகருக்குள், வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் வட்டாரத்தில் அது போதாது. அங்கே 2,500 அடியாவது இருந்தால்தான் ஆறு கிலோமீட்டருக்கு மேல் மிதந்து, நகரத்தைத் தாண்டி ஒரு வயலைப் பிடிக்க முடியும். நம் நாட்டு விதி, ஊருக்கு மேலே பறக்கும்போது 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து ஆயிரம் அடி மேலே இருக்க வேண்டும் என்கிறது. நெல்லைக்கு அந்தக் குறைந்தபட்சம் போதாது. ஊருக்கு வெளியே 1,500 அடி, மாநகரத்தின் மேல் 2,500 அடி என்று வழித்தட விதியே தனியாகச் சொல்ல வேண்டும். தாழப் பறந்து கோபுரத்தைப் படம் எடுக்கும் ஆசைக்கு அதில் இடம் கிடையாது.

காற்றும் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் பீறிட்டு வரும் மாதங்களில்தான் கயத்தாற்றில் காற்றாலைகள் முழுமூச்சாய்ச் சுற்றுகின்றன. காற்றாலைக்கு நல்ல நாள் சிறுவிமானத்துக்குக் கெட்ட நாள். செஸ்னா 172 தாங்கிக் காட்டிய குறுக்குக் காற்று மணிக்கு 15 நாட்டிகல் மைல் வேகம்தான். புதிய காற்றாலைகளின் இறக்கை நுனி 500 அடியைத் தாண்டுகிறது. கோவில்பட்டியிலிருந்து ஆற்றுக்கு வரும் வழி அந்தக் காற்றாலைக் காட்டுக்குள்தான் புகுந்து வர வேண்டும். ஆண்டு முழுவதும் திறந்த வழித்தடம் என்று அறிவிப்பது இங்கே பொருந்தாது. காற்று மாதங்களில் காலை வேளைக்கு மட்டும் என்று சுருக்க வேண்டியிருக்கும்.

> பொருநை: சில குறிப்புகள்
>
> பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் ஆறு. நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. சிற்றாறு சீவலப்பேரியில் வந்து சேருகிறது. குறுக்கே எட்டு அணைக்கட்டுகள், கடைசி ஸ்ரீவைகுண்டம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஆற்றின் தலைப்பகுதி களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

பாதுகாப்பு என்னும் பெரிய கேள்வி

எதிர்ப்புகளில் கனமானது இதுதான். தென்கோடித் தமிழ்நாடு சாதாரண வானம் அல்ல. கூடங்குளத்தில் அணுமின் நிலையம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம். இவற்றுக்கு நடுவே பயிற்சி மாணவர்களை அவிழ்த்துவிடுவதா என்று கேட்பவர்களின் கவலையைப் புறந்தள்ள முடியாது. இலங்கையில் விடுதலைப் புலிகள் ஜ்லின் ரகச் சிறுவிமானங்களைக் கொண்டே 2007 மார்ச் 26 அன்று கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு வீசினார்கள். 2009 பிப்ரவரி 20 அன்று கொழும்பு வரைக்கும் வந்தார்கள். மன்னார் வளைகுடாவின் இக்கரையில் இருப்பவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கவலையின் அளவு தெரியும். திருநெல்வேலியிலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், மகேந்திரகிரி 50, விஜயநாராயணம் 35-க்கு மேல். எல்லாம் ஆற்றுக்குத் தெற்கே. கிழக்கே ஸ்ரீவைகுண்டத்தோடும் மேற்கே அம்பாசமுத்திரத்தோடும் வழித்தடத்தை நிறுத்திவிட்டால் கடற்கரையும் ஏவுதளமும் புலிகள் காப்பகமும் தானாகவே வெளியே நின்றுவிடும். வல்லநாட்டுக்குக் கிழக்கே வாகைக்குளம் கோபுரத்தின் எல்லை வருவதால், அங்கே கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆற்றை விட்டுத் தெற்கே திரும்பும் எந்த விமானமும் அந்தக் கணமே வழி தவறியது என்று ரேடாரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். இதுதான் வழித்தடத்தால் பாதுகாப்புப் படைகளுக்குக் கிடைக்கும் ஆதாயம். எங்கும் திரியலாம் என்ற நிலையில் வழி தவறியவரைக் கண்டுபிடிப்பது கடினம்; ஒரே பாதை என்றால் சுலபம். இந்தியாவில் கிளம்பும் சிறுவிமானங்கள் பயணத் திட்டமும் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதைத் தளர்த்தும்படி இங்கே யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவிமானத் தாக்குதலை நேரடியாகச் சந்தித்த இலங்கையே, போர் முடிந்த பின் களனி ஆற்றில் பேலியகொடை மிதவைத் தளத்திலிருந்து சுற்றுலா விமானங்களை ஓட்டியது. கொழும்பு மாநகரத்தின் விளிம்பில், ஆற்று நீரில் ஓடி எழும்பும் ட்வின் ஆட்டர்கள். குண்டு வீசப்பட்ட ஊரே, கண்காணிப்போடு வானத்தைத் திறக்கலாம் என்று முடிவு செய்தது.

பட்டாசு அறைகளுக்கு மேலே?

சிவகாசியிலிருந்து வரும் கேள்வி இன்னும் நேரானது: விமானம் மருந்து அறையின் மேல் விழுந்தால்? ஆயிரம் அடிக்கு மேல் கடந்துபோகும் விமானத்தின் சத்தமோ அதிர்வோ மருந்துக் கலவையைத் தொடப்போவதில்லை. உராய்வு, வெப்பம், நிலைமின்சாரம், இடி மின்னல் ஆகியவையே அறைக்குள் பயப்பட வேண்டியவை. விழுந்தால் என்பது மட்டும் உண்மையான ஆபத்து. அந்த ஆபத்துக்கு ‘மிகமிக அரிது’ என்பது பதில் ஆகாது. அரிதானவை நடந்த ஊர் இது. ஆகவே இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியது வானம்தான். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பட்டாசுப் பகுதியை வான்வழி வரைபடத்தில் ஒரு தனிக் கட்டமாக வரைந்து, அதற்குள் பயிற்சிச் சுழற்சிகளும் தாழ்பறத்தலும் கூடாதென்று எழுத வேண்டும். உரிமம் பெற்ற ஆலைகளின் இடம் மத்திய வெடிபொருள் பாதுகாப்புத் துறையிடம் பதிவாகி இருக்கிறது. அந்தப் பட்டியலை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் மேசைக்குக் கொண்டுபோவதற்கு ஒரு கடிதம் போதும்.

மறுபக்கமும் உண்டு. மேலே போவது விமானம் மட்டும் அல்ல. ஃபேன்சி ரக வாணங்கள் நூற்றுக்கணக்கான அடி உயரம் ஏறி வெடிக்கின்றன. நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இருட்ட வேண்டும். கண்பார்வைப் பறத்தலோ இருட்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும். நேரமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. பகல் சோதனை என்றால் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரு விதி ஆலைகளின் பக்கமும் எழுதப்பட வேண்டும்.

பணக்காரர் விளையாட்டா?

சாலையில் குழி கிடக்கும்போது வானத்தில் வழி எதற்கு என்ற கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குத் தீனி போடும் முன்னுதாரணமும் இருக்கிறது. 2020 அக்டோபர் 31 அன்று அகமதாபாத்தின் சாபர்மதி ஆற்றங்கரைக்கும் கேவடியாவில் உள்ள படேல் சிலைக்கும் நடுவே பெரும் விளம்பரத்தோடு மிதவை விமானம் விடப்பட்டது. அடுத்த ஏப்ரலிலேயே நின்றுபோயிற்று. கேரளத்தில் 2013-ல் அஷ்டமுடிக் காயலில் தொடங்கிய மிதவை விமானத் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். தண்ணீரை நம்பிப் பிழைப்பவர்களைக் கேட்காமல் தண்ணீர் மேல் விமானம் இறக்கியதன் விளைவு அது. நெல்லையில் மிதவை விமானம் வேண்டாம். டிக்கெட் போட்டு ஊர் காட்டும் சேவையும் இந்த வாதத்தில் இல்லை. ஆற்றைத் தொடாமல் மேலே போகும் ஒரு பாதை மட்டுமே கேட்கப்படுகிறது. அதற்குக் கட்டடம் வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம், மானியமும் வேண்டாம். வரைபடமும் ஓர் அலைவரிசையும் போதும்.

> 200 மணி நேரம்
>
> வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தாமே ஏற்று ஓட்டியிருக்க வேண்டும். நெடுந்தூரப் பறத்தல் தனி. அதில் 300 நாட்டிகல் மைல் பயணம் ஒன்று, வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏறுவது உட்பட.

ஆதாயம் யாருக்கு என்று பார்த்தால் இந்தப் பெட்டிதான் விடை. ஒரே ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இந்த 200 மணி நேரத்தை முடிக்க முடியாது. ஊர் விட்டு ஊர் போகும் பறத்தலுக்குப் பாதை இல்லாத பள்ளியில் மாணவர் காத்துக்கிடப்பார். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பணம். இண்டிகோ 2023 ஜூனில் மட்டும் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றை ஓட்ட ஆள் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ப் பழகிவிட்டு வருகிறார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுக்கணக்காக மாநிலத்தின் முன்வரிசையில் நிற்கும் விருதுநகர் மாவட்டத்தில், பகலில் பட்டாசுக்குத் திரி சுற்றும் தாயின் மகள் அப்படிப் போக முடியாது. கோவில்பட்டியில் பள்ளி வந்தால் அவளுக்கு அது பேருந்தில் போய்வரும் தூரம். உதவித்தொகை இல்லாமல் அது நடக்காது என்பது உண்மை. ஆகவே ஒப்பந்தத்தில் இடஒதுக்கீடும் உதவித்தொகையும் இப்போதே கேட்கப்பட வேண்டும். கேட்காமல் விட்டால், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து பழகிப்போகும் இடமாகக் கோவில்பட்டி ஆகிவிடும். இங்குள்ளவர்களுக்கு இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

இன்னொரு பயனை 2023 டிசம்பர் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் 800 பயணிகளோடு நின்றுபோனது. ஹெலிகாப்டரில் வந்து உணவு போட வேண்டியிருந்தது. சிறுவிமானம் அந்த மழையில் பறந்திருக்க முடியாது. ஆள் மீட்கவும் அதனால் ஆகாது. ஆனால் மழை விட்ட அடுத்த காலையில் எந்தக் குளம் உடைந்திருக்கிறது, எந்தச் சாலை அறுந்திருக்கிறது, எந்த ஊரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது என்பதை அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல்ல முடியும். ஆற்றின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாக உள்ள விமானிகள் பக்கத்திலேயே இருந்தால்தான் அது நடக்கும். ட்ரோன் போதாதா என்பார்கள். ஒரு குளத்துக்குப் போதும். எழுபது எண்பது கிலோமீட்டர் ஆற்றுக்கும் அதன் கால்வாய்களுக்கும் போதாது.

பறவைகளைப் பற்றிய கவலை நியாயமானது. கூந்தன்குளம் சரணாலயம் வழித்தடத்துக்கு வெகு தெற்கே இருந்தாலும், நெல்லையைச் சுற்றிய குளங்களிலும் பனிக்காலத்தில் பறவைகள் வந்து இறங்குகின்றன. 1,500 அடிக்குக் கீழே வரக்கூடாது என்ற எல்லை அவற்றுக்கும் நல்லது, விமானிக்கும் நல்லது. வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்தின் மேலும் அதே எல்லை செல்லும். வனத்துறை இன்னும் கூடுதல் உயரம் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இப்போது செய்ய வேண்டியது

வழித்தடத்தை அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விமான நிலைய ஆணையம், திருவனந்தபுரத்தில் உள்ள விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம், கடற்படை ஆகியோர் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 1934-ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விதிகள் புதிதாக எழுதப்படும் காலம் என்பதால் கேட்க ஏற்ற நேரமும் இதுவே. ஆனால் கேட்க வேண்டியது சென்னை. கேட்கும்போது வெறும் விருப்பத்தைச் சொல்லாமல் வரைந்த படத்தோடு போக வேண்டும். கிழக்கே போகிறவர் தென்கரை, மேற்கே போகிறவர் வடகரை. நகரத்தின் மேல் 2,500 அடி. கயத்தாற்றுக் காற்றாலைகளுக்கு மேலே தாண்ட ஒரு வாசல். பட்டாசுப் பகுதிக்கு ஒரு கட்டம். சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, சீவலப்பேரி, வல்லநாடு என்று ரேடியோவில் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டிய நான்கு இடங்கள். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி ஆட்சியர்கள் அந்தந்த ஊர் மக்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். கேரளம் அதைத்தான் தவறவிட்டது.

பயிற்சிப் பள்ளிக்கான ஒப்பந்தம் டிட்கோ கையில் இருக்கிறது. வழித்தட விதிகள் முறைப்படி வெளியாகும் வரை கோவில்பட்டியிலிருந்து எந்த மாணவரும் தனியாக ஊர் தாண்டிப் பறக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை அதில் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும் முன்பு அதைச் சேர்ப்பது எளிது. பிறகு சேர்ப்பதானால் வழக்கறிஞர் வேண்டியிருக்கும்.